க போட்ட டம்ளர்

எங்கள் தெருவில் ஒருவருக்கென்று தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டால், அவருக்கு என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. காச நோய் என்றால் கொஞ்ச காலம் தனி டம்ளர். குஷ்டம் என்றால் கடைசி வரைக்கும். இது போக, உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கும் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று ஆணியில் தனியாக மாட்டி வைத்த டம்ளர்கள் உண்டு. அது நோயே இல்லாதவர்களுக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் தனி டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இதை எழுதுகிற பேனாவின் மேல் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறது. கத்தரிக்காய் பருமன் இருக்கும். அப்படி இருந்தால்தான் என் விரல்கள் பிடிக்கின்றன. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த கிளாரா மிஸ், "உங்களுக்கு நடந்ததை எழுதுங்க கன்னியம்மா, புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றார். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறார் என்று முதலில் சந்தேகப்பட்டேன். என்னைப் போலச் சந்தேகப்படுகிறவர்கள்தான் அங்கே அதிகம் வருகிறார்கள், டாக்டர் சொல்லி ஏறாதது நான் சொன்னால் ஏறும் என்று நினைத்திருப்பார். சரி, சொல்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, கஷாயத்திலேயே அடங்கிவிட்டது. அடங்கின பிறகுதான் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க ஆரம்பித்தது. நான் அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்கு இருந்தேன். அரிசி களைவது, அண்டா துலக்குவது, சாம்பார் ஊற்றுவது எல்லாம் என் வேலை. எங்கள் தெருப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்ததே ஊரில் பல பேருக்குப் பொறுக்கவில்லை. நான் ஊற்றுவதைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று தூக்குச் சட்டியில் சோறு கொடுத்து அனுப்பியவர்கள் இருந்தார்கள். என்னைத் தூக்க ஒரு சாக்குக் கிடைக்குமா என்று அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரியும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் சாம்பார்க் கரண்டி என் கையிலிருந்து நழுவி அண்டாவுக்குள் போய்விட்டது.

சமையல்காரி அலமேலு திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி, கை தூங்குதா?"

"எண்ணெ பட்டுக்கிச்சு" என்றேன்.

மறுநாள் ஜாக்கெட்டுக் கொக்கி போட முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் கிணற்றடியில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். உத்திரமேரூர் டாக்டர் ஒரு ஊசி போட்டார். கால் எழும்பவில்லை என்றதும், "செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

செங்கல்பட்டு என்றதும் வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் குஷ்டத்துக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி உண்டு. அதனால் ஒருவர் செங்கல்பட்டு போயிருக்கிறார் என்று எங்கள் தெருவில் சொன்னால், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நாங்கள் போனது அது இல்லை, எல்லா நோய்க்கும் பார்க்கிற ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் ஏழுமலை அதை பஸ் கண்டக்டரிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். சத்தமாகச் சொன்னதால் எனக்குப் பயம் கூடிப்போனது.

காத்திருக்கும் இடத்தில் பெஞ்சு நிறைந்துவிட்டதால் என்னைத் தரையில் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். என் நாத்தனார் செல்லம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா, புருஷனை இழந்து எங்களோடு இருப்பவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் நீளம்.

உள்ளே ஒரு இளவயது டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டு, தெரிகிறதா என்றார். குண்டூசியால் குத்தி, தெரிகிறதா என்றார். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் குஷ்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். வரிசையில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இதேபோல் பஞ்சால்தான் தொட்டுப் பார்ப்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முழங்கையில் வெளுத்த தேமல் இருந்தது. பஞ்சு தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

அதனால் எனக்குத் தெரியாத இடத்திலும் "தெரியுது டாக்டர்" என்றேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டு, தொடாமலே, "இப்போ?" என்றார். "தெரியுது" என்றேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு தொடவே இல்லடி, கம்னு கெட."

சின்னச் சுத்தியால் முட்டியில் தட்டினார்கள், கால் துள்ளவில்லை. பிறகு இறால் மாதிரி சுருண்டு படுக்க வைத்து, முதுகெலும்பு நடுவில் ஊசி இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஓடுகிற தண்ணீராம். நோய் எந்த வகை என்று அதில் தெரியுமாம். அந்த ஊசி பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. எழுந்திருக்காமல் மல்லாந்து கிடக்கச் சொன்னதுதான் சிரமம்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் கட்டில் ஓரமாக நின்று விளக்கினார். "கிருமியோட சண்டை போடறதுக்கு உடம்புல காவல்காரங்க இருக்காங்க. உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்துச்சுல்ல, அந்தக் கிருமி போனப்புறமும் அவங்க நிறுத்தல. ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிச்சிட்டாங்க. கரண்டு ஒயர் மேல ரப்பர் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி நரம்பு மேல இருக்கற உறை உரிஞ்சிடுச்சு. மறுபடி வளரும். கால் முதல்ல வரும். கை லேட்டா வரும்."

பெயர் கேட்டேன். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெள்ளைக்கார டாக்டர்களுடைய பெயராம். நோய்க்கு மனுஷன் பெயரை வைப்பார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"அது இல்லியே டாக்டர்?"

"எதும்மா?"

"அதான்."

"எது?"

அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். நல்ல செய்தி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்க மாட்டாரா?

தினமும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். இந்த நோய் மேலே ஏறினால் மூச்சு இழுக்கிற தசையையும் பிடிக்குமாம், மூச்சு குறைகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. படிப்பு எவ்வளவு என்று சோதிக்கிறார்கள் என்று நினைத்து, மூச்சு முட்ட முட்ட எண்ணிக் காட்டினேன். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் மார்க்கு கிடையாது. மூச்சு வாங்கினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அடுத்த கட்டிலில் வாலாஜாபாத் பச்சையம்மா. ரைஸ் மில் பெல்ட்டில் கை மாட்டி எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தாள். நர்ஸ் என்னைத் தொட்டுவிட்டு எத்தனை முறை கை கழுவுகிறார், அவளைத் தொட்டுவிட்டு எத்தனை முறை கழுவுகிறார் என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

"இன்னாடி அந்தம்மா கையையே பாத்துக்கினு கீற?" என்றாள் பச்சையம்மா.

"என்ன தொட்டா சோப்பு போடறாங்க. உன்ன தொட்டா வெறுந்தண்ணி."

"அப்ப நீ கொடுத்து வெச்சவ. கை சரியானதும் நீ போலீஸ்ல சேந்துடு, துப்பு துலக்க ஆள் வேணுமாம்."

பெண்கள் வார்டில் அண்ணிதான் துணைக்கு இருந்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாயில் போடுவாள். என் பெண்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில்கூட நான் அப்படி ஊட்டியதில்லை. ஆனால் ஊட்டி முடித்ததும் குழாயடியில் போய் நெடுநேரம் கை தேய்ப்பாள். அதையும் நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். ஒரு தடவை சாத்துக்குடி, ஒரு தடவை கதம்பம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பூ வாங்காத மனுஷன். என் கம்மலை அடகு வைத்துவிட்டு அந்தப் பூவை வாங்குகிறார் என்றால், என்னிடம் சொல்லாததை அவரிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

கால் கொஞ்சம் ஊன்ற வந்ததும் என்னைப் பயிற்சி அறைக்கு நடத்திப் போனார்கள். அங்கேதான் கிளாரா மிஸ். ஒரு பையை மேஜையில் கவிழ்த்தார். பிடி பருமனான ஸ்பூன், அதன் மேல் ரப்பர் சுற்றி, உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளத் தோல்வார் வைத்தது. ஜாக்கெட்டுக் கொக்கியை இழுத்து மாட்டக் கம்பி வளையம் வைத்த மரப்பிடி. நீளக் காம்பு போட்ட சீப்பு. சோப்பைப் போட்டு மணிக்கட்டில் தொங்கவிட ஒரு வலைப்பை. கடைசியாக ஒரு டம்ளர். எவர்சில்வர் டம்ளருக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி மரப்பிடி வைத்திருந்தது. அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு க.

"இது உங்களுக்கே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். மாறிடக் கூடாதுன்னு எழுத்து போட்டிருக்கு" என்றார்.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அந்த எழுத்தையே பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சாக்குப் பையோடு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் வியர்வை. பையைக் கீழே வைத்த கையைப் பார்த்தேன். விரல்கள் பாதிக்குப் பாதி இல்லை. மிச்சம் இருந்ததில் அதே தோல்வார், அதில் ஒரு அரம் செருகியிருந்தது.

"வாங்க ஆரோக்கியம். புது ஸ்பூனா?" என்றார் மிஸ். "கன்னியம்மா, உங்க டம்ளர் பிடி இவர் கடைஞ்சதுதான். குஷ்ட ஆஸ்பத்திரி பட்டறையில வேலை பார்க்கறாரு."

மிஸ் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் டம்ளரை மேஜையில் போட்டேன். அது உருண்டு கீழே விழுந்தது. பஞ்சு, குண்டூசி, செங்கல்பட்டு, பூ, இப்போது இது. இதற்கு மேல் எனக்கு யார் என்ன சொல்ல வேண்டும்?

மதியம் அந்த ஸ்பூனைத் தொடவில்லை. அண்ணியையும் ஊட்ட விடவில்லை. சாயங்காலமும் அப்படியே. மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உப்புமா வந்தபோது, வார்டு வாசலில் ஆரோக்கியம் நின்றிருந்தார். மிஸ் அனுப்பியிருக்க வேண்டும். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் என்னை வராந்தாவுக்கு நடத்திப் போய்க் குந்தவைத்தாள் அண்ணி.

"எந்த ஊரும்மா?" என்றார்.

சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

"நானு மாகறல். அங்கயும் நம்ம தெருதான்." அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "உனுக்கு டீக்கடைல எந்த டம்ளர்ல ஊத்துவான்?"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"ஆணில மாட்னதுலதானே? எனுக்கு டீக்கடைல ஒரு ஆணி, அப்பாலிக்கா வூட்ல ஒரு ஆணி. ரெண்டுலயும் தொங்குனவன் நானு. மாத்திர துன்னு சரியாயி வருசம் ஆச்சு, யாருக்கும் ஒட்டாது. வூட்ல அந்த ஆணிய மட்டும் புடுங்கல." தோல்வாரை அவிழ்த்துக் காட்டினார். "கைக்கு வலு இல்லன்னா புடி பெருசா வேணும். அவ்ளோதான். அந்தப் புடிக்கு உன் நோயும் தெரியாது, என் நோயும் தெரியாது."

"எனுக்கு அதான்னு டாக்டர் உங்களாண்ட சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "இவ்ளோ பேஜார் புடிச்சத எப்பிடிம்மா வெச்சிக்கினு கீறீங்க?"

"கட்டிக் குடுத்தது என் தம்பிக்குத்தான், எனுக்கு இல்ல" என்றாள் அண்ணி.

பசி தாங்காமல் அன்றைக்கு அந்த ஸ்பூனை மாட்டிக்கொண்டேன். உப்புமா பாதி மடியில் விழுந்தது, பாதி வாய்க்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு என் கையால் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். ருசி தெரிந்தது. நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் பேச்சில் ஒன்றுதான் மனதில் நின்றது: வீட்டில் ஒரு ஆணி.

பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வருவதற்குள் என் வீட்டுக்காரர் என்னென்னவோ செய்து வைத்திருந்தார். கிணற்றுக் கயிற்றில் கை வழுக்காமல் இருக்க முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தார். அரிசி டின் மூடியின் குமிழைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் ஹேண்டில் உறை ஒன்றை மாட்டியிருந்தார். கதவுத் தாழ்ப்பாளில் கயிற்று வளையம். ஒவ்வொன்றாகத் தொட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். அவர் சுவரில் ஒரு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என் பையிலிருந்து க போட்ட டம்ளரை எடுத்து, அதன் காதைப் பிடித்து அந்த ஆணியில் மாட்டினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற பாத்திரங்களைச் சாம்பல் போட்டு அன்னக்கூடையில் ஊறவைப்பாள். என் டம்ளரையும் ஸ்பூனையும் அதில் போட மாட்டாள். தனியாகக் கழுவி, தனியாகத் துடைத்து, ஆணி. என் சின்னவள் ஒரு நாள் விளையாட்டாக அதில் தண்ணீர் மொள்ளப் போனபோது, "அத்த தொடாத, வெய்யி" என்று அதட்டினாள். அந்த இரவு நான் பெண்களை என் பாயிலிருந்து தள்ளிப் படுக்க வைத்தேன். ஏன் என்று பெரியவள் கேட்டாள். புழுக்கம் என்றேன். தை மாதத்தில் என்ன புழுக்கம்?

அலமேலு என்னைப் பார்க்க வந்தாள். அவள் கண் சுவருக்குப் போனதைப் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தில் எனக்குப் பதிலாக ஊர்த் தெருப் பெண் ஒருத்தி அரிசி களைவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாளில் சத்துணவு அமைப்பாளர் சைக்கிளில் வந்தார். எங்கள் வாசலில் இறங்காமல், ஒரு காலை ஊன்றி நின்றார். நான் கதவோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு ஏழுமலை?"

"நரம்புல உறை உரிஞ்சிக்கிச்சாம் சார். வளந்துக்கினு வருது."

"வெறும் நரம்புதானே? இல்ல, அங்க ஊருல பேசிக்கிறாங்க. இந்தம்மா டம்ளர் தனியா ஆணியில மாட்டிகிதாமே. கொழந்தைங்க துன்ற எடம். எனுக்கு மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

வேலை போனது என்று தெரிந்தது. அதைவிட, அவர் கேட்டதற்கு அண்ணி என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் பயந்தேன். இத்தனை நாள் நான் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். அதில் நான் குடித்த மிச்சக் கூழ் பாதி இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான் குடிப்போம்; கை தூக்க வராததால் நான் மட்டும் வாய் வைத்துக் குடித்தேன். அண்ணி அண்ணாந்து குடிக்கவில்லை. நான் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"மரப்புடி சார். சாம்பத் தண்ணில ஊறுனா வெடிச்சி வுட்டுக்கும், கழுவி ஒடனே தொங்கவுடணும்னு அந்த மிஸ்ஸம்மா எங்கிட்ட படிச்சிப் படிச்சி சொல்லிச்சு. கொழந்தைங்க கைல குடுத்தா ஒடச்சிடும். அதான் ஆணி." டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள். "சட்டில கூழு இன்னும் கீது. ஒரு வாய் ஊத்தட்டுமா?"

"இல்ல, இப்பதான் காப்பி..." என்று அவர் சைக்கிளைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"தெரியும் சார்" என்றாள் அண்ணி. "நீங்க குடிக்காதது நோயிக்காவ இல்ல."

அமைப்பாளர் கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "கரண்டி புடிப்பியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து காட்டினார். நீளக் காம்பு, அதன் மேல் மூங்கில் துண்டு செருகி, சைக்கிள் ட்யூப் சுற்றி, மணிக்கட்டுக்கு வார் வைத்தது. அவர் அதை எப்போது செய்தார் என்று எனக்கே தெரியாது.

"திங்கக்கெழம வா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போன பிறகு அண்ணியைக் கேட்டேன். "ஆஸ்பத்திரில எனுக்கு ஊட்னா ஏன் அவ்ளோ நேரம் கை கழுவுவ?"

"நீ பாதி சோத்த என் மணிக்கட்டு மேலயே துப்புவ. கழுவாம இன்னா பண்றது, நக்கறதா?"

"சின்னவள ஏன் தொடாதன்ன?"

"இப்பத்தான சொன்னன், செவுடு." முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள். "இத்தினி நாளா இத்தையா நெனச்சிக்கினு கெடந்த? கொழந்தைங்கள தள்ளிப் படுக்க வெச்சியே, அதுக்கா?"

அன்று இரவு பெண்கள் பழையபடி என் இரண்டு பக்கமும் படுத்தார்கள்.

இப்போது கூடத்தில் சாம்பார் ஊற்றுகிறேன். ஊர்த் தெருவிலிருந்து தூக்குச் சட்டி வருவது நிற்கவில்லை, அது பழைய கதை. வலது கை முக்கால்வாசி வந்துவிட்டது. இரண்டு விரல் இன்னும் மடங்கிப் பிடிக்காது, நுனியில் சூடு சரியாகத் தெரியாது. உங்களுக்கும் அப்படி இருந்தால் கொதிக்கிற பாத்திரத்தை விரலை நம்பித் தொடாதீர்கள். மரப்பிடியை ஊறவைக்காதீர்கள். தனி டம்ளர் கொடுத்தால் எதற்கு என்று அங்கேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

காலையில் எனக்குக் காப்பி ஊற்றினால் அண்ணி முதல் வாய் தான் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கொடுக்கிறாள், விளிம்பில் வாய் வைத்து. கேட்டால், "உனுக்குத்தான் சூடு தெரியாதே, பாத்துக் குடுக்கறேன்" என்கிறாள். சூடு பார்க்க டம்ளரைத் தொட்டாலே போதும். அவள் சொல்வதை நான் நம்பவில்லை. வாங்கி, அதே விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கிறேன்.